ஃபிரேம் சைஸ் தப்பா, செட்டிங் தப்பா? டூரிங் சைக்கிளில் வலிக்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

என் முதல் ஸ்டீல் டூரிங் சைக்கிள், அதாவது பை மாட்டி நெடுந்தூரம் ஓட்டும் சைக்கிள், 58 சைஸ். வாங்கும்போது ஏறி நின்று பார்த்தேன், டாப் டியூப் (சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் உள்ள மேல் குழாய்) இடிக்கவில்லை. சீட்டை ஏற்றினேன், கால் சரியாக எட்டியது. அளவு பொருந்திவிட்டது என்று எடுத்து வந்துவிட்டேன். முதல் 20 கிலோமீட்டர் சுகமாகத்தான் இருந்தது. நாற்பதைத் தாண்டியதும் கழுத்து பிடித்துக்கொண்டது, அறுபதில் சுண்டுவிரல் மரத்துப்போனது. அப்புறம் ஒரு வருஷம் முழுக்க ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) மாற்றினேன், சீட் மாற்றினேன், கையுறை மாற்றினேன். ஃபிரேம்தான் எனக்கு நீளம் என்று ஒத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

சீட்டை அநேகமாக எந்த ஃபிரேமிலும் நமக்கு வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஹேண்டில்பாரை அப்படிக் கொண்டுவர முடியாது. சைஸ் என்றதும் எல்லோரும் கால் நீளத்தை அளக்கிறோம்; சிக்கல் வருவதெல்லாம் கை போய் நிற்கும் இடத்தில். கீழே ஒவ்வொரு தொந்தரவாக எடுத்து, எதை முதலில் பார்ப்பது, எவ்வளவு மாற்றுவது, எந்தக் கட்டத்தில் இது ஃபிரேம் கோளாறு என்று முடிவு கட்டுவது என்று எழுதியிருக்கிறேன். புதிதாக ஃபிரேம் தேடுபவர்களும் இப்போது ஓட்டும் சைக்கிளை இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தேடினால் பாதி வேலை மிச்சம்.

## முதலில் நான்கு அளவு

அளவு டேப், ஆலன் கீ செட், கொஞ்சம் நூல், அதில் கட்டித் தொங்கவிட ஒரு நட்டு, ஒரு ரசமட்டம், கறுப்பு இன்சுலேஷன் டேப். இவ்வளவு போதும்.

எதையும் திருகுவதற்கு முன் இப்போது இருக்கிற நிலையை எழுதி வையுங்கள். பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகள் சுழலும் அச்சு இருக்கும் இடம்) நடுவிலிருந்து சீட் டியூப் (சீட் போஸ்ட் இறங்கும் குழாய்) ஓரமாகவே சீட்டின் மேற்பரப்பு வரை எவ்வளவு. சீட் மூக்கிலிருந்து நூல் குண்டைத் தொங்கவிட்டால், அது பாட்டம் பிராக்கெட் நடுவுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது. சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை எவ்வளவு. சீட்டை விட ஹேண்டில்பார் எவ்வளவு கீழே, அல்லது மேலே. சீட் போஸ்ட்டிலும் ஹேண்டில்பாரிலும் இப்போதைய இடத்தைக் காட்ட இன்சுலேஷன் டேப்பால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். திரும்பி வர வழி தெரிந்தால்தான் துணிந்து மாற்ற முடியும்.

மாற்றும்போது ஒரு தடவைக்கு ஒன்று, அதுவும் 5 மி.மீ. ஒரே நாளில் சீட்டையும் ஸ்டெம்மையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வரிசையும் முக்கியம்: சீட் உயரம், சீட் முன்பின், சீட் சாய்வு, கடைசியில்தான் ஹேண்டில்பார். சீட்டின் இடம் பெடலை வைத்து முடிவாக வேண்டியது. ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளுவது எல்லோரும் செய்கிற காரியம், நானும் செய்தேன். கையைக் காப்பாற்றப் போய் முழங்காலைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

சீட் உயரத்துக்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டுமென்றால், செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்துப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளங்கள். இதுதான் கவட்டு அளவு. அதை 0.883 ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து சீட் மேல்வரை உள்ள உயரம் கிடைக்கும். 1980களில் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவிய கணக்கு இது. கவட்டு அளவு 84 செ.மீ. என்றால் சீட் 74 செ.மீ.யில் வரும். இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூவின் அடிப்பாகம், பெடலின் தடிமன் எல்லாம் சேர்ந்து ஒன்றரை செ.மீ. வரை இப்படி அப்படிப் போகும். ஓட்டுகிற ஷூவோடு ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. இந்தச் சோதனையைத்தான் நான் கணக்கை விட நம்புகிறேன்.

## ஸ்டிக்கரில் உள்ள எண் என்ன சொல்கிறது?

பெரும்பாலும் சீட் டியூப்பின் நீளத்தை. அதிலும் ஒருவர் பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து டாப் டியூப் நடு வரை அளப்பார், இன்னொருவர் சீட் டியூப்பின் உச்சி வரை அளப்பார். ஒரே ஃபிரேமையே இந்த இரண்டு விதத்தில் அளந்தால் ஒன்றரை, இரண்டு செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். டாப் டியூப் சரிவாக இருந்தால் சீட் டியூப் குட்டையாகிவிடும். அப்போது கம்பெனி "இது 56-க்குச் சமம்" என்று தானே ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். ஆக, ஒரு கம்பெனியின் 56-ம் இன்னொரு கம்பெனியின் 56-ம் ஒன்றல்ல. சட்டைக் காலரில் உள்ள எண்ணை வைத்துக் கை நீளத்தைக் கணிப்பது மாதிரிதான்.

நம்பத்தக்க அளவு இரண்டு. பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். கம்பெனி இவற்றைத் தரவில்லை, பழைய ஃபிரேம் என்றால் நாமே அளக்கலாம். சமதளத்தில், பின் டயர் சுவரைத் தொடும்படி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து பாட்டம் பிராக்கெட் நடுவுக்கும், தரையிலிருந்து ஹெட் டியூப் உச்சிக்கும் அளங்கள், கழித்தால் ஸ்டாக். சுவரிலிருந்து இந்த இரண்டு புள்ளிகளுக்கும் அளந்து கழித்தால் ரீச். பத்து நிமிஷ வேலை. சைக்கிளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் ஐந்து நிமிஷம்.

இரண்டு ஃபிரேம்களை ஒப்பிடும்போது ரீச்சை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றின் ஸ்டாக் 590, ரீச் 380 மி.மீ. இன்னொன்று 620, 390. பத்து மி.மீ.தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஹேண்டில்பார் இரண்டிலும் ஒரே உயரத்தில் வர வேண்டுமென்றால் முதல் ஃபிரேமில் ஸ்டெம்முக்கு அடியில் 30 மி.மீ.க்கு வளையங்கள் அடுக்க வேண்டும். ஹெட் டியூப் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் மேலே ஏற ஏற ஸ்டெம் நம் பக்கம் வந்துகொண்டே இருக்கும். டூரிங் ஃபிரேமில் வழக்கமான 72 டிகிரி சாய்வில் 10 மி.மீ. ஏறினால் 3 மி.மீ. பின்னால் வரும். முப்பதுக்குப் பத்து. ஆக முதல் ஃபிரேமின் 380 இப்போது 370. உண்மையான வித்தியாசம் 20 மி.மீ. என் கணக்கில் அது ஒரு முழு சைஸ்.

டாப் டியூப் நீளத்திலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. சீட் டியூப்பின் சாய்வு ஒரு டிகிரி மாறினாலே, 72 செ.மீ. உயரத்தில் இருக்கும் சீட் 12 மி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். டாப் டியூப் ஒரே நீளம், ஒன்றில் 72 டிகிரி, மற்றதில் 74 டிகிரி என்றால், சீட்டை அதே இடத்தில் வைத்த பிறகு 74 டிகிரி ஃபிரேம் முன்பக்கம் 2 செ.மீ.க்கு மேல் நீளமாக இருக்கும்.

## முழங்கால் வலி

இது அநேகமாக ஃபிரேம் குற்றமில்லை. முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது அல்லது ரொம்ப முன்னால் இருக்கிறது. பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சீட் அதிக உயரம் அல்லது ரொம்பப் பின்னால். பின்னால் ஒருவரை ஓட்டி வரச் சொல்லுங்கள்; உங்கள் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் அதிக உயரம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இரண்டு இடத்தில் மட்டும் ஃபிரேம் குறுக்கே வரும். ஒன்று, சரியான உயரத்துக்கு ஏற்றும்போது சீட் போஸ்ட்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு (அதுவரையாவது போஸ்ட் உள்ளே இருக்க வேண்டும்) வெளியே தெரிவது. கோடு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டாப் டியூப்பும் சீட் டியூப்பும் சேரும் இடத்துக்குக் கீழே வரை போஸ்ட் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரத்தோடு பள்ளத்தில் விழும்போது அந்தச் சேர்க்கைதான் அடி வாங்கும். நீளமான போஸ்ட் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் இவ்வளவு போஸ்ட் வெளியே தெரிகிற ஃபிரேமில் ஹேண்டில்பாரும் கண்டிப்பாகத் தாழ்ந்துதான் இருக்கும். இரண்டாவது, சீட்டை வேண்டிய அளவுக்குப் பின்னால் தள்ள முடியாமல் போவது. புரூக்ஸ் பி17 மாதிரித் தோல் சீட்டுகளில் அடிக்கம்பி நீளம் குறைவு, முன்பின் நகர இடம் கொஞ்சம்தான். சீட் டியூப் 73 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருந்து அதில் தோல் சீட்டும் போட்டால் பலருக்கு இடம் போதாது. பின்பக்கம் தள்ளியிருக்கும் தலை உள்ள சீட் போஸ்ட் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: தோல் சீட் பழகப் பழகத் தொய்யும். போன வருஷம் சரியாக இருந்த உயரம் இந்த வருஷம் சில மி.மீ. குறைந்திருக்கும். வலி திடீரென்று வந்ததென்றால் முதலில் இதை அளங்கள்.

சீட் போஸ்ட் அசையவே மாட்டேன் என்கிறதா? ஸ்டீல் டியூப்புக்குள் அலுமினியம் போஸ்ட்டைக் கிரீஸ் இல்லாமல் வருஷக்கணக்கில் விட்டால் பிடித்துக்கொள்ளும். செகண்ட் ஹேண்ட் ஃபிரேம் பார்க்கப் போகும்போது நான் முதலில் செய்கிற காரியம் சீட் போஸ்ட்டைத் தளர்த்தித் திருப்பிப் பார்ப்பது. திரும்பாத போஸ்ட் உள்ள ஃபிரேமில் சைஸ் பேச்சே எழவில்லை.

## கை மரத்துப்போகிறது

எனக்கு அதிகம் பழக்கமான தொந்தரவு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எந்த விரல் என்று முதலில் கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் எடை இறங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடங்கியே இருக்கிறது. பிரேக் லீவரின் கோணத்தைத் திருப்பினாலே சரியாகலாம். முதல் வகைதான் ஃபிரேம் சைஸோடு சம்பந்தப்பட்டது. கையுறையும் ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்பும் வலியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். எடை ஏன் கைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

ரசமட்டத்தைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வையுங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கி, கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே ஓட்டுகிறீர்கள். மட்டமாக வையுங்கள். தோல் சீட் என்றால் மூக்கு ஒரு நூல் மேலே இருந்தாலும் தப்பில்லை.

அடுத்து, ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் மிதமாக மிதித்துக்கொண்டே, இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். உடம்பு சாய்வு மாறாமல் இரண்டு மூன்று நொடி நிற்க முடிகிறதா? நின்றால் சீட் இடம் சரி. குப்புற விழப் போவது மாதிரி இருந்தால் சீட் இன்னும் பின்னால் போக வேண்டும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். ஹேண்டில்பார் தூரமாக இருக்கும்போது சீட்டைப் பின்னால் தள்ளினால் இன்னும் தூரம்தானே ஆகும்? ஆகும்தான். ஆனால் பிட்டம் பின்னால் போகப் போக உடம்பின் எடை பாதத்தின் மேல் சமன்படும், கைக்கு வேலை குறையும். நின்ற இடத்திலேயே குனிந்து பாருங்கள். பிட்டத்தைப் பின்னால் தள்ளினால்தான் முன்னால் விழாமல் குனிய முடிகிறது. அதே விஷயம்தான்.

சீட் இடம் உறுதியான பிறகு ஹேண்டில்பார். நாள் முழுக்க ஓட்டுகிற டூரிங் சைக்கிளுக்கு ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலேயே இருக்கலாம், இரண்டு மூன்று செ.மீ. கீழே இருக்கலாம். பந்தய சைக்கிள் மாதிரி எட்டு செ.மீ. கீழே இருப்பது படத்தில் அழகு. ஏற்றுவதற்கு வழிகள்: ஸ்டெம்முக்கு அடியில் வளையம் சேர்ப்பது, ஸ்டெம்மைக் கவிழ்த்துப் போடுவது. ஆறு டிகிரிக் கோணமுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைக் கவிழ்த்தால் ஹேண்டில்பார் 2 செ.மீ. உயரும், அரை செ.மீ. கிட்டேயும் வரும், காசு செலவில்லை. பழைய மாடல் என்றால் ஃபோர்க்குக்குள் இறங்குகிற குயில் ஸ்டெம் இருக்கும். அதைத் தளர்த்தித் தூக்கினால் போதும், ஆனால் அதிலும் ஒரு குறைந்தபட்சக் கோடு உண்டு, அது வெளியே தெரியக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு மரப்பு நிற்கவில்லை என்றால் ஸ்டெம்மைக் குறைக்கலாம். 110 இருந்தால் 90, 90 இருந்தால் 80. டூரிங் ஃபிரேம்களை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் 80-லிருந்து 110 மி.மீ. வரையான ஸ்டெம்மை மனதில் வைத்துத்தான் வரைகிறார்கள். 70-க்குக் கீழே போக வேண்டியிருந்தால் அங்கே நில்லுங்கள். சீட் சரியான இடத்தில் இருக்கிறது, ஹேண்டில்பார் சரியான உயரத்தில் இருக்கிறது, ஆனாலும் 60 மி.மீ. ஸ்டெம் கேட்கிறது என்றால் அந்த ஃபிரேம் உங்களுக்கு நீளம். என் 58-இல் நான் கடைசியாகப் போட்டிருந்தது 50. முன் பை மாட்டியதும் ஹேண்டில் ஒரு மாதிரித் துள்ளியது, அப்போதும் பையைத்தான் திட்டினேன்.

## கழுத்து, தோள்பட்டை

மரப்புக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், கூடவே ஓர் எளிய அடையாளம்: டிராப் பார் (முன்னால் போய்க் கீழே வளையும் ஹேண்டில்பார்) சைக்கிளில் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். பிரேக் ஹூட்டில் (பிரேக் லீவரின் ரப்பர் உறை போட்ட பிடி) பிடித்து ஓட்டுவதுதான் இயல்பான நிலை. நீங்களோ ஸ்டெம்முக்குப் பக்கத்தில் நேர்ப்பகுதியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், பிரேக் வேண்டும்போது மட்டும் ஹூட்டுக்குப் போகிறீர்கள் என்றால் உடம்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முன்பக்கம் நீளம். முழங்கை விறைத்து நேராக நிற்பதும் அதே அறிகுறிதான். லேசாக மடங்கிய முழங்கைதான் சாலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

ஃபிளாட் பார் (நேரான ஹேண்டில்பார்) சைக்கிளை டிராப் பாருக்கு மாற்றியவர்களுக்கு இந்த வலி வந்தால் ஆச்சரியமே வேண்டாம். டிராப் பார் தானே 7 முதல் 10 செ.மீ. முன்னால் வளைகிறது, ஹூட் அதற்கும் முன்னால். ஃபிளாட் பாருக்கென்று செய்த ஃபிரேமில் டாப் டியூப் ஏற்கெனவே நீளம். இரண்டும் சேர்ந்தால் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். தலைகீழாக, டிராப் பார் ஃபிரேமில் ஃபிளாட் பார் போட்டால் குறுகலாக இருக்கும். சைஸ் தேர்வுக்கு முன் எந்த ஹேண்டில்பார் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

## இடம் போதவில்லை, மடங்கி உட்கார்ந்த மாதிரி

சின்ன ஃபிரேமின் தொந்தரவுகள் சத்தம் போடாது. கூன் போட்டு உட்கார்வீர்கள், கீழ் முதுகு மெல்ல வலிக்கும், தெரியாமலே சீட்டின் பின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டே இருப்பீர்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரை உரசும். ஸ்டெம்மை நீட்டலாம், 110, 120 வரை. நீளம் சரியாகிவிடும். ஆனால் சின்ன ஃபிரேமின் பெரிய குறை உயரம். ஹெட் டியூப் குட்டை, அதனால் ஹேண்டில்பார் எப்போதும் கீழே. ஸ்டெம்முக்கு அடியில் கோபுரம் மாதிரி வளையம் அடுக்கியிருக்கும் டூரிங் சைக்கிளைப் பார்த்தால், அநேகமாக அது ஒரு சைஸ் சின்னதாக வாங்கியது அல்லது ஃபிரேம் பந்தயச் சாயலில் செய்தது.

## திருப்பும்போது கால்விரல் முன் சக்கரத்தில் இடிக்கிறது

மெதுவாக, வளைத்துத் திருப்பும்போதுதான் இது நடக்கும். வேகத்தில் ஹேண்டிலை அவ்வளவு திருப்புவதே இல்லை. வெறும் சைக்கிளில் ஒரு சிரிப்போடு போய்விடும். இரண்டு பக்கமும் பை தொங்க, ஏற்றத்தில் மெதுவாக வளைந்து வளைந்து ஏறும்போது மட்கார்டில் ஷூ மாட்டினால் சைக்கிளோடு சாய்வீர்கள்.

ஸ்டெம்மோ சீட்டோ இதைச் சரிசெய்யாது. பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து முன் சக்கர அச்சு வரை அளந்து பாருங்கள். 700சி (வழக்கமான பெரிய அளவு) சக்கரம், 35 மி.மீ. டயர், மட்கார்டு, 170 மி.மீ. கிராங்க் (பெடல் மாட்டிய கை) என்றால் சுமார் 60 முதல் 62 செ.மீ. தேவைப்படும், பெரிய பாதமென்றால் இன்னும் கொஞ்சம். 175 கிராங்கை 165 ஆக்கினால் ஒரு செ.மீ. கிடைக்கும். பாதத்தைப் பெடலில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள்.

உயரம் குறைவானவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், அது அவர்கள் தப்பில்லை. 700சி சக்கரத்தை வைத்துக்கொண்டு ஃபிரேமை மட்டும் சுருக்கினால் எங்கேயாவது இடிக்கத்தான் செய்யும். சக்கரத்தைச் சின்னதாக்குவதுதான் நேர்மையான வழி. 1980களில் சைக்கிள் வடிவமைப்பாளர் ஜார்ஜினா டெரி சின்ன ஃபிரேம்களுக்கு முன்பக்கம் மட்டும் 24 அங்குலச் சக்கரம் போட்டுக் கொடுத்தார். சர்லி லாங் ஹால் டிரக்கர் என்ற டூரிங் சைக்கிளின் சின்ன சைஸ்கள் 26 அங்குலச் சக்கரத்தில்தான் வந்தன. 700சி-யின் ரிம் விட்டம் 622 மி.மீ., 26 அங்குலத்துக்கு 559. டயர் ஒன்றே என்றால் ஆரத்தில் 3 செ.மீ. மிச்சமாகிறது. சின்ன ஃபிரேம் தேடுபவர்கள் சக்கர அளவைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது.

## குதிகால் பையில் இடிக்கிறது

செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சு வரை போகும் குழாய்) நீளத்தைப் பாருங்கள். டூரிங்குக்கென்று செய்த ஃபிரேமில் 44 முதல் 46 செ.மீ. இருக்கும். 43-க்குக் கீழே என்றால் பக்கப் பைகளுக்கு அது பொருந்தாத ஃபிரேம். சைஸை மாற்றினாலும் செயின்ஸ்டே பெரும்பாலும் மாறாது, அதனால் பெரிய சைஸ் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. பையின் கொக்கிகளைக் கேரியரில் பின்னுக்கு நகர்த்தலாம். ஆனால் பையின் நடுப்பகுதி பின் அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் அடுத்த தொந்தரவு வந்து சேரும்.

## பாரம் ஏற்றினால் ஆடுகிறது

இறக்கத்தில் முன்பக்கம் இடமும் வலமும் வேகவேகமாக ஆட ஆரம்பித்தால் முதல் தடவை உயிர் போய் வரும். அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். டாப் டியூப்பை இரண்டு முழங்காலாலும் அழுத்திப் பிடித்து, சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்கி, பின் பிரேக்கை நிதானமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரேமைச் சந்தேகிக்கும் முன் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறதா, கேரியர் போல்ட்டுகள் இறுக்கமா, வீல் நேராக ஓடுகிறதா, பாரம் முழுக்கப் பின்னாலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு கிலோவைப் பின்னாலிருந்து முன் ஃபோர்க்கின் பக்கப் பைகளுக்கு மாற்றியதும் ஆட்டம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால் அப்போது சைஸ் பேசலாம். ஸ்டீலில் எந்த ரகமானாலும் விறைப்புத்தன்மை ஏறத்தாழ ஒன்றுதான். ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்ரக டியூப் ஆகட்டும், சாதாரண குரோமோலி ஸ்டீல் ஆகட்டும், அதே விட்டமும் சுவர்த் தடிமனும் இருந்தால் ஒரே மாதிரிதான் வளையும். விலை உயர்ந்த டியூப்பின் பலம், மெல்லியதாகச் செய்தாலும் உடையாது என்பதில் இருக்கிறது. மெல்லியதாகச் செய்தால் வளைவது கூடும். டியூப் நீளமாக நீளமாக முறுக்கும் கூடும். அதனால் 60, 62 சைஸில், 25.4 மி.மீ. டாப் டியூப் உள்ள பழைய லேசான ஃபிரேமில் நாலு பையை ஏற்றினால் அது பாம்பாகத்தான் நெளியும். உயரமானவர்கள் 28.6 மி.மீ. டாப் டியூப் உள்ள, டூரிங்குக்கென்றே தடிமனாகச் செய்த ஃபிரேமைப் பாருங்கள். கொஞ்சம் கனம்தான். பாரத்தோடு ஓட்டும்போது அந்தக் கனம் தெரியவே தெரியாது.

## நின்றால் டாப் டியூப் இடிக்கிறது

ஷூவோடு நின்றால் இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். அதற்கும் குறைவென்றால் பாரத்தோடு மேடுபள்ளத்தில் கால் ஊன்றும்போது தெரியும். இது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு மறந்துவிட வேண்டிய அளவு. சரிவான டாப் டியூப் உள்ள ஃபிரேமில் மூன்று சைஸ்களிலும் தாராளமாக நிற்கலாம், அதில் ஒன்றுதான் ஓட்டுவதற்குப் பொருந்தும்.

## இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்

பந்தயக்காரர்கள் சின்னதை எடு என்பார்கள். டூரிங்குக்கு நான் பெரியதன் பக்கம், ஒரு நிபந்தனையோடு: சீட்டைச் சரியான இடத்தில் வைத்து, 80 அல்லது 90 மி.மீ. ஸ்டெம்மில் ஹூட்டை முழங்கை மடங்கி எட்ட வேண்டும். எட்டினால், பெரிய ஃபிரேமின் உயரமான ஹெட் டியூப் ஹேண்டில்பாரைத் தானே மேலே கொண்டுவரும். டாப் டியூப் நேராக இருக்கும் பழைய பாணி ஃபிரேமில் சீட்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி அளவு போஸ்ட் தெரிந்தால் சரியான சைஸ் என்பார்கள். அந்தக் கைக்கணக்கு டூரிங்குக்கு இன்றும் பழுதில்லை. கால் நீளம், உடம்பும் கையும் குட்டை என்றால் மட்டும் இது கவிழ்ந்துவிடும். அவர்கள் சின்ன சைஸை எடுத்து, சீட்டை ஏற்றி, ஸ்டெம்முக்கு அடியில் வளையம் போட்டுக்கொள்ளலாம். என் உடம்பு அந்த ரகம். 58-ஐ வாங்கும்போது என் காலை மட்டும்தான் அளந்தேன்.

புதிதாக ஃபிரேமும் ஃபோர்க்கும் வாங்கிப் பூட்டுபவர்கள் ஃபோர்க்கின் மேல் குழாயை முதல் நாளே வெட்டிவிடாதீர்கள். ஸ்டீல் குழாய்க்கு நாலைந்து செ.மீ. வளையம் தாங்குவது ஒரு பொருட்டே இல்லை. ஸ்டெம்முக்கு மேலே குழாய் கொஞ்சம் நீட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும், தெரியட்டும். மேலேயும் கீழேயும் வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டு, பாரத்தோடு 500 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அப்புறமும் வெட்டினால் ஒரு 10 மி.மீ. வளையத்துக்கு இடம் விட்டு வெட்டுங்கள்.